தாலாட்டும் தாளமும்

இளமையில் இசை பயிலும் குழந்தை கணக்கிலும் பிற பாடங்களிலும் சிறந்து விளங்கும் என்பது பலரும் கூறும் கருத்து. சிங்கப்பூரில் கிளமெண்டி போன்ற அடுக்குமாடி நகர்களில் வாழும் பெற்றோரிடையேயும் அது வழங்குகின்றது. அதனை ஆராய்ந்து கொள்ளுதல் நலம்.

அந்நம்பிக்கையைப் பெருக்கியது 1993-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு. அதில் மோட்சார்ட்டின் இசையைக் கேட்டோர் கல்லூரி மாணவர், குழந்தைகள் அல்லர். கண்ட பயனும் கால்மணி நேரத்திற்குள் மறைந்தது. 2004-இல் ஷெல்லன்பர்க் ஆறு வயதினர் 144 பேரை ஆராய்ந்தார். இசை பயின்றோரின் அறிவுத்திறன் சிறிதளவே கூடுதலாக உயர்ந்தது. 2020-இல் பல ஆய்வுகளை ஒருங்கு நோக்கிய சாலாவும் கோபேயும், செம்மையாக நடந்த ஆய்வுகளில் அவ்வுயர்வும் இல்லை என்றனர். ஆகவே, மதிப்பெண்ணுக்காக இசை என்னும் வாதம் வலுவற்றது.

அங்ஙனமாயின் பயன் யாது? தமிழ் மரபே விடை கூறும். பிள்ளைத்தமிழில் தாலாட்டைக் கேட்கும் குழந்தை, சப்பாணியில் கைகொட்டுகின்றது. ஆண்பாலாயின் சிறுபறையும் முழக்குகின்றது. செவிக்குப் பின் கை, கைக்குப் பின் கருவி என்பதே முறை. தொல்காப்பியரும் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலுமே மாத்திரையை அளந்தார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. தாளமிட்டுப் பாடும் பிள்ளை, 'கல்' வேறு 'கால்' வேறு என்பதை இலக்கணம் கல்லாமலே உணரும்.

2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியருள் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் மிகுதியும் பேசுவது ஆங்கிலம். அத்தகைய வீட்டுப் பிள்ளைக்குப் பாலர் பள்ளிப் பாட்டே முதல் தமிழாதல் கூடும். ஆயின் அங்குப் பாடப்பெறுவது எத்தகைய பாட்டு? ஆங்கில மெட்டில் தமிழ்ச் சொல்லைப் பெய்தால், குறில் நெடிலாகின்றது, நெடில் குறுகுகின்றது. சொல் சிதைந்து செவியில் பதிகின்றது. கருநாடக இசையின் சரளி வரிசை குரலைப் பண்படுத்தும். ஆனால் அதில் சொல் இல்லை. அடுத்து வரும் தொடக்க கீதங்களோ பெரும்பாலும் வடமொழியிலும் கன்னடத்திலும் அமைந்தவை.

அங்கேரியில் கோடாய் என்னும் இசையறிஞர், தாய்மொழி நாட்டுப்பாடலே குழந்தைக்கு முதற்பாடம் என்றார். 1950-இல் கெச்கெமெட் நகரில் அந்நெறியிலேயே பள்ளி எழுந்தது. நமக்குத் தாலாட்டும் விளையாட்டுப் பாட்டும் உண்டு. கவிமணியும் வள்ளியப்பாவும் தந்த செல்வமும் உண்டு. ஆசிரியர் ஒரு பாட்டைக் கற்பிக்குமுன் ஒன்றே ஒன்று நோக்குதல் வேண்டும்: மெட்டில் ஏறிய பின்னும் குறில் குறிலாக நிற்கின்றதா? நின்றால் அது நல்ல பாட்டு. செவியில் பிழையாகப் புகுந்த சொல்லைப் பின்னர் ஏட்டால் திருத்துதல் அரிது.