தனியலையும் கடலின் அடுக்கும்

வடிவு குலையாது தனித்தோடும் அலையைத் தனியலை என்பர். அந்தமான் கடலினுள் எழும் அத்தகைய அலைகளைப் பற்றி ஓஸ்போண், பேர்ச் என்போர் 1980இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை ஈண்டு நோக்கற்பாலது.

கோட்டவெக், டி விறீஸ் 1895இல் ஆழங்குறைந்த நீருக்குக் கண்ட சமன்பாட்டை அடுக்குநீருக்கேற்ற வடிவிற் கையாண்டமை அக்கட்டுரையின் சிறப்பு. இளஞ்சூடான மேலடுக்கு மெல்லிதாயின் அலை கீழ்நோக்கிக் குழியும். குளிர்ந்த கீழடுக்கு மெல்லிதாயின் மேல்நோக்கி எழும். அடுக்கே அலைக்கு வடிவு வகுக்கின்றது என்க.

ஆயினும், அச்சமன்பாடு புவிச்சுழற்சியைக் கருதாது. மத்தியகோட்டருகே சுழற்சியின் விளைவு நலிந்திருத்தலின் அது பெரிதும் பொருந்தும். நெடுந்தொலைவு செல்லும் அலைக்கு முற்றும் பொருந்தாது. மேலும், வங்கக்கடலின் அடுக்கு பருவந்தோறும் மாறுவது. ஓரிடத்து அடுக்கைக்கொண்டு கடல் முழுவதையும் கணித்தல் தகாது.

இஃது ஏட்டளவான குறையன்று. திருகோணமலைத் துறைமுக நீரின் ஊசலாட்டத்தை அந்தமான் உள்ளலைகளோடு விஜேரத்ன முதலியோர் 2010இல் தொடர்புபடுத்தினர். நம் கொத்மலை ஓயாவின் நீரும் மகாவலி வழியே அத்துறைமுகத்தை அடுத்த கொட்டியாரக்குடாவிற் சேர்ந்து உவர்நீர்மேற் படர்கின்றது. ஆதலின், அலையைக் கற்பிப்போர் அதனைத் தாங்கும் அடுக்கையும் உடன் கற்பித்தல் கடனாம்.