லாங்வுட்: பூசாத செங்கல்

லாங்வுட் மாளிகையின் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம், நாட்செஸ் ஊரில், மரங்களுக்கு நடுவே எட்டு மூலைச் செங்கல் கட்டடம். இத்தாலியப் பாணிக் கூரைத் தாங்கிகள், மூர் வளைவுகள், உச்சியில் வெங்காயம் மாதிரி ஒரு குவிமாடம். கையில கிடைச்ச லைப்ரரியை எல்லாம் இம்போர்ட் பண்ணி வெச்ச கோடு மாதிரி இருக்கே என்று நினைத்தேன்.

அவசரப்பட்டுவிட்டேன். பருத்தித் தோட்ட முதலாளி ஹாலர் நட்டுக்காக, பிலடெல்பியா கட்டடக் கலைஞர் சாமுவேல் ஸ்லோன் வடிவமைத்த வீடு இது. அதன் தரைப்படத்தை ஓர் இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியேதான் கலவை, உள்ளே ஒரே தர்க்கம். நடுவில் மாடம்வரை திறந்த கூடம், சுற்றிலும் அறைகள். சூடான காற்று மேலே ஏறிப் போய்விடும். மேலிருந்து வரும் வெயிலைக் கண்ணாடிகள் வைத்துக் கீழ்த்தளம்வரை இறக்குவதும் திட்டத்தில் உண்டு. எண்கோணமும் கிறுக்குத்தனம் அல்ல. 1848இல் ஆர்சன் ஃபௌலர் ஒரு புத்தகமே எழுதி, அதே நீளச் சுவருக்குச் சதுரத்தைவிட எண்கோணம் அதிக இடம் தரும் என்று வாதிட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதல். சரிதான்!

1860இல் வேலை தொடங்கியது. அடுத்த வருடமே உள்நாட்டுப் போர். வடக்கிலிருந்து வந்திருந்த தொழிலாளர்கள் கருவிகளைப் போட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். 32 அறைகளில் முடிந்தவை கீழ்த்தளத்தின் 9 மட்டுமே. 1864இல் நட் இறந்துபோனார். மனைவி ஜூலியாவும் பிள்ளைகளும் அந்தக் கீழ்த்தளத்திலேயே காலம் தள்ளினார்கள். மேல் மாடிகள் இன்றும் வெறும் செங்கலும் மரச்சட்டமுமாக நிற்கின்றன.

பாதியில் நின்ற எதையும் காதலிக்கிற வியாதி எனக்கு உண்டு. என் லேப்டாப்பைத் திறந்தால் தெரியும். அதனால் அந்தக் கைவிடப்பட்ட கருவிகளின் கதையில் நானும் சொக்கிப்போனேன். லாங்வுட் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அங்கேயேதான் நின்றுவிடுகின்றன: போர் வந்தது, வேலை நின்றது, ஒரு கனவு கலைந்தது.

ஆனா வேலை எங்கே நின்னுச்சு? வடக்கத்தியர் போன பிறகும் கீழ்த்தளத்தில் வேலை நடந்தது. 1862இல் குடும்பம் குடியேறும் அளவுக்கு அதைத் தயார் செய்தவர்களில் நட்டின் அடிமைகளும் உண்டு. கருவியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற உரிமை ஒரு சாராருக்கு இருந்தது, இன்னொரு சாராருக்கு இல்லை. அந்தக் கருவிகளைப் பார்த்து உருகும் எழுத்து இந்த வித்தியாசத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. ஸ்லோன் 1861இல் தன் புத்தகத்திலேயே இந்த வடிவமைப்பை அச்சிட்டுக்கொண்டார். செங்கல் அறுத்தவர்களுக்கு அப்படி ஒரு பக்கம் கிடையாது.

இப்போது அந்தப் படங்களைத் திறந்தால் குவிமாடத்தைப் பார்ப்பதில்லை. மேல் மாடிச் சுவர்களைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அந்தச் செங்கல்லும் அடிமைகளின் கைவேலைதான். திட்டமிட்டபடி வீடு முடிந்திருந்தால், அதன்மேல் வழவழவென்று பூச்சு ஏறியிருக்கும்.