ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது

மகளிர் சுய உதவிக் குழுவின் தீர்மான நோட்டை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு யாரும் விமர்சிப்பதில்லை. தேதி இருக்கிறதா, எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஒரு குழுவில் ஊக்குநராக இருந்து அந்த நோட்டைப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அதன் மொழியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் இந்தக் குழுக்களைத் தொடங்கியது. 1992இல் நபார்டு, குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைக் கொண்டுவந்தது. கடன் கேட்டுப் போகும் குழுவின் சேமிப்பையும் வருகையையும் பார்ப்பதுபோலவே பதிவேடுகளையும் வங்கி பார்க்கிறது. அதனால் நோட்டு, வங்கிக்காரர் வாசிப்பார் என்ற நினைப்பிலேயே எழுதப்படுகிறது.

‘இன்னாருக்கு இவ்வளவு ரூபாய் கடன் வழங்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’ இதுதான் அதன் வழக்கமான வாக்கியம். தீர்மானித்தது யார் என்று செயப்பாட்டு வினை சொல்வதில்லை. யாராவது மறுத்தார்களா என்ற கேள்வியை ‘ஏகமனதாக’ என்ற சொல் முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. “போன கடனே நிக்குது, இப்ப அவ வீட்டுக்காரருக்கு வண்டி வாங்க நாம கையெழுத்துப் போடணுமா?” என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டிருப்பாள். அந்தக் கேள்விக்கு நோட்டில் இடமில்லை. வங்கிக் கடனுக்குக் குழு முழுவதும் பொறுப்பு. தவணை நின்றுபோகும் நாளில், கேள்வி கேட்டவளும் சேர்ந்துதான் கட்ட வேண்டும். அவள் அன்றே எச்சரித்தாள் என்பதற்கு ஒரு வரி சாட்சியும் இருக்காது.

மாற்றுக் கருத்தை எழுதினால் ஒற்றுமை இல்லாத குழு என்று கடனை நிறுத்திவிடுவார்கள் என்பார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் வீட்டில் ‘அனுசரித்துப் போ’ என்று கேட்டுப் பழகிய பெண்ணுக்கு, அவளுடைய சொந்தக் குழுவின் நோட்டும் அதையே சொல்வதை நான் ஒற்றுமை என்று ஏற்கமாட்டேன்.

பேசியதையெல்லாம் எழுத வேண்டியதில்லை. கடன் கேட்டவர் யார், எதற்காக, ஆதரித்தவர் யார், மறுத்தவர் யார், என்ன காரணம், மறுக்கப்பட்ட விண்ணப்பங்கள் எவை என்று இருந்தால் போதும். ஒரு கூட்டத்துக்கு நாலைந்து வரிகள் கூடும்.

இன்னொன்றும் உண்டு. குழுவில் படித்த ஒருத்தியிடம் பேனா போய்ச் சேர்கிறது. கூலியில்லாத அந்த வேலை அவளுக்குச் சுமை. எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் மேல் அதிகாரமும்கூட. கைநாட்டு வைப்பவளுக்குத் தான் எதற்கு ஒப்புகிறோம் என்று தெரிய வேண்டும். எழுதியதை முழுக்க உரக்க வாசித்து, “நான் அப்படிச் சொல்லலையே” என்று யாராவது சொன்னால் திருத்தி, அதன்பிறகுதான் மைப்பெட்டியைத் திறக்க வேண்டும்.