தலையைக் கண்டோம், கையைக் கண்டோமா?

மனித உடலும் மிருகத் தலையும் கொண்ட பெண் தெய்வங்களைப்பற்றிப் பேசுவோரிடம் இருவகை நோக்குகளே பெரும்பாலும் காணப்படுகின்றன. ஒன்று ஏளனம், மற்றது மருட்சி. எகிப்தியரின் விலங்கு வழிபாட்டை உரோமக் கவிஞன் யுவெனல் கி. பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே எள்ளி நகையாடினான். கீழைத்தேயங்களை ஆளவந்த ஐரோப்பியர் பலரும் பின்னர் அதே சிரிப்பையே சிரித்தனர். நமது பக்திமான்களோ, அத்தலைகளில் சாமானியருக்கு விளங்காத மறைபொருள் உண்டென்று கூறிக் கைகூப்பி விலகிவிடுகின்றனர். சிரிப்பவரும் அஞ்சுபவரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர். இருசாராரும் தலையை மட்டுமே பார்க்கின்றனர்.

முதலில் எகிப்தை நோக்குவோம். பெண்சிங்கத் தலையுடைய செக்மெற் போருக்கும் கொள்ளைநோய்க்கும் உரியவள். கி. மு. 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் அமென்கொதெப் என்னும் மன்னன் தீப்ஸ் நகரில் அவளுக்கு நூற்றுக்கணக்கான கற்சிலைகளை நிறுவினான். அந்நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், அரசரின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளரின் குடியிருப்பான தெயிர் எல் மெதினா இருந்தது. அங்கே வீடுகளில் வணங்கப்பட்டவருள் ஒருத்தி தவெரெற்; நீர்யானைத் தலையும் பெண்ணின் மார்பும் சிங்கத்தின் பாதங்களும் கொண்டவள்; பிள்ளைப்பேற்றுக்குக் காவலாய் நிற்பவள். இத்தொழிலாளரே மூன்றாம் இராமேசஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கூலியாகப் பெறவேண்டிய தானியம் வராதபோது வேலையை நிறுத்தி வெளியேறினர். வரலாற்றில் பதிவாகியுள்ள முதல் வேலைநிறுத்தம் அதுவே என்பர். மிருகத் தலை இரு தெய்வங்களுக்கும் பொது. ஆனால் அரண்மனை கேட்ட வரம் வேறு. தொழிலாளியின் மனைவி கேட்ட வரம் வேறு.

இந்த அளவுகோலைக் கொண்டு தமிழர் அறிந்த வராகியைப் பார்ப்போம். சப்த மாதர் எனப்படும் எழுவருள் ஒருத்தி இவள். பல்லவர் காலத்துக் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் அவ்வெழுவரும் இடம்பெற்றுள்ளனர். முற்காலச் சோழர் கோயில்களிலும் பரிவார தெய்வங்களாக அமைந்தனர். வராகிக்குப் பன்றித் தலை. இதனை எவரும் அறிவர். அவள் கைகளுக்குரியனவாக மரபு கூறும் கருவிகளுள் கலப்பையும் உலக்கையும் இருப்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்துள்ளனர்?

வண்ணாத்திவில்லுப் பகுதியில் சேனைப் பயிர் செய்பவருக்குக் காட்டுப்பன்றியைப்பற்றி எந்தப் புராணமும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் எம்மதத்தவராயினும், பன்றிக் கூட்டம் ஓரிரவில் தோட்டத்தைக் கிளறிப் பாழாக்குவதை அறிவார். கலப்பை கிளறும் அதே மண்ணையே பன்றியின் மூக்கும் கிளறுகின்றது. பயிரை அழிக்கும் விலங்கின் ஆற்றலையும், பயிரை விளைவிக்கும் கருவியையும், விளைந்ததைக் குற்றும் பெண்ணின் உலக்கையையும் ஓருருவில் இணைத்த கற்பனை, உழைப்பை அறியாத உள்ளத்தில் தோன்றியிருக்க முடியாது. பலராமனிடமும் கலப்பையும் உலக்கையும் உண்டே எனச் சிலர் வினவலாம். உண்டு, அவனும் உழவோடு தொடர்புடைய தெய்வமே. அது நமது கூற்றுக்கு அரண் செய்கின்றது.

ஆயின் இக்கருவிகளுக்கு நேர்ந்த கதி யாது? இலலிதை வழிபாட்டு நூல்கள் வராகியைத் தண்டநாதை, அதாவது படைத்தலைவி, ஆக்கின. உழுத கலப்பை பகைவரை இழுக்கும் படைக்கலமாயிற்று. நெற்குற்றிய உலக்கை தலைகளைப் பிளக்கும் தண்டமாயிற்று. இராசராசன் போருக்குமுன் இவளை வணங்கினான் என்னும் கதை தஞ்சைப் பெரிய கோயிலைச் சார்ந்து இன்றும் வழங்குகின்றது. அக்கதை உண்மையோ அன்றோ, வராகியை யாருடைய பக்கத்தில் நிறுத்த அது விரும்புகின்றது என்பது தெளிவு. இதற்கு மாறாக, தமிழகத்து நீர்நிலைக் கரைகளில் ஏழு கன்னிமாராக நிற்பவை பெரும்பாலும் ஏழு வெறுங்கற்களே. மழையும் மகப்பேறும் வேண்டிய மக்களுக்குப் பன்றித் தலையும் தேவைப்படவில்லை, படைக்கலமும் தேவைப்படவில்லை.

அரசர் காலம் போயிற்று. சந்தையின் காலம் வந்தது. உத்தரப் பிரதேசத்து லோகாரி என்னும் சிற்றூரில் மிருகத் தலை கொண்ட யோகினிச் சிலைகள் இருந்தன. அவற்றுள் எருமைத் தலையுடையது பாரிசுக்குக் கடத்தப்பட்டு, 2013இல் இந்தியாவுக்கு மீண்டது. ஆட்டுத் தலையுடையது இங்கிலாந்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் அலங்காரப் பொருளாய்க் கிடந்து, 2022 சனவரி 14ஆந் தேதி, பொங்கல் நாளன்று, இலண்டனில் இந்திய அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏழைக் கிராமத்தின் தெய்வம் செல்வரின் பூந்தோட்டத்துப் பொம்மையாவது ஏகாதிபத்தியத்தின் பழைய பழக்கம்.

நம்மவரிடையே வராகி வழிபாடு இன்று புதுவேகம் பெற்றுள்ளது. கடன் தீர, வழக்கில் வெல்ல, பகை ஒழியப் பஞ்சமிதோறும் விளக்கேற்றுகின்றனர். இதைக் கண்டு நகைப்பது முற்போக்காகாது. நுண்கடனின் தவணையைக் கட்டமுடியாது கலங்கும் பெண்கள் இலங்கையின் கிராமங்களில் எத்தனையோ பேர். அவர்களுடைய துயர் மெய்யானது. அதனைத் தோற்றுவிப்போரும் மெய்யானவர். அப்பெண் வணங்கும் உருவத்தின் கையில் இருப்பது அவளுடைய உலக்கையே என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை என்பதே குறை.

ஆசிரியர்களாகிய நாம் இத்தகைய சிற்பத்தின் படத்தை வகுப்பில் காட்டும்போது, 'இது எந்த மிருகத்தின் தலை?' என்ற வினாவோடு நிறுத்திவிடலாகாது. கையில் இருப்பது என்ன, அக்கருவியை நாள்தோறும் பிடித்தவர் யார், அதைப் படைக்கலமாக்கியவர் யார் என்றும் கேட்கவேண்டும். இவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவன் எகிப்தைப் பார்த்துச் சிரிக்கமாட்டான். தஞ்சையைப் பார்த்து அஞ்சவும் மாட்டான்.