பூவைப் படமெடுத்துப் பெயர் கேட்பது

மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையோரம் மணல்மேட்டில் வீடு கட்டியவர்களுக்கு ஒரு கேள்வி அடிக்கடி வரும்: நாம் நடாத செடி ஒன்று வேலியோரம் பூத்து நிற்கிறதே, இது என்ன? கொண்டைக்குருவி எச்சத்தில் வந்த விதையாக இருக்கலாம். மனையைச் சமப்படுத்தியபோது வெட்டுப்பட்ட பழைய புதரின் அடிக்கட்டை மறுபடி துளிர்த்திருக்கலாம். இந்தக் கரைக்கு உரியது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. காசான், களா, பாவட்டை என்று அதன் புதர்களை வேரோடு பிடுங்காதவரை அவை தழைத்துக்கொண்டே இருக்கும்.

இப்போது பலரும் போனை எடுத்துப் பூவைப் படம்பிடித்து, கூகுள் லென்ஸிலோ பிளான்ட்நெட்டிலோ கேட்கிறார்கள். இந்தப் பழக்கத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். முன்பெல்லாம் இதே கேள்விக்கு 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலைப் புரட்ட வேண்டும். இல்லையென்றால், திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராப்பினட் ஹெர்பேரியத்தை உருவாக்கிய பாதிரியார் கே. எம். மேத்யூ 1980களில் வெளியிட்ட தொகுதிகளைத் தேட வேண்டும். பெரும் உழைப்பில் விளைந்த நூல்கள்தான். ஆனால் ஆங்கிலக் கலைச்சொல் தெரியாதவர் முதல் பக்கத்தைத் தாண்டமாட்டார். அந்தத் தடையைப் போன் நீக்கியிருக்கிறது. எந்தக் குடும்பத்துச் செடி என்பதுவரை பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுகிறது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பாவட்டையையே எடுத்துக்கொள்வோம். கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ, நான்கு இதழ், அடியில் மெல்லிய குழல். மேலிருந்து எடுத்த படத்துக்கு வெள்ளை இட்லிப்பூ என்று பதில் வந்தால் வியப்பில்லை. இரண்டும் காப்பிச் செடியின் குடும்பம். அதிலும் நர்சரி இட்லிப்பூவின் படங்கள்தான் ஏராளம். வேறுபாடு தெரியப் பூவைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். பாவட்டையில் சூல்தண்டு இதழ்களைத் தாண்டி நெடுக வெளியே நீண்டிருக்கும், நுனி பிரியாது. இட்லிப்பூவில் அது கொஞ்சமே எட்டிப் பார்த்து, நுனியில் இரண்டாகப் பிரியும். இலையில் இன்னும் நல்ல அடையாளம் உண்டு. பாவட்டை இலை ஒன்றைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்தால் உள்ளே கரும்புள்ளிகள் தெரியும். நோய் என்று நினைத்து மருந்தடிக்க வேண்டாம். இலைக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் முடிச்சுகள் அவை. பூவை மட்டும் எடுத்த படத்தில் இது எங்கே விழப்போகிறது?

பாவட்டையை இட்லிப்பூ என்று சொன்னால் பெரிய நட்டமில்லை. வெள்ளை அரளியை நந்தியாவட்டை என்று நம்பினால் கதை வேறு. நந்தியாவட்டைப் பூ கண்ணுக்கு நல்லது என்று தேடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன; அரளியோ வேர் முதல் பூ வரை இதயத்தைத் தாக்கும் நஞ்சு. அரளியில் ஒவ்வொரு கணுவிலும் பெரும்பாலும் மூன்று இலைகள் சுற்றி நிற்கும், நீண்டு குறுகியவை. நந்தியாவட்டையில் இரண்டிரண்டாக, எதிரெதிரே. கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். திரையில் எத்தனை சதவிகிதம் காட்டினாலும் சரி, கணுவில் உள்ள இலைகளை எண்ணாமல் எந்தப் பூவையும் மருந்தென்று தொடக்கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

பூ சில வாரம்தான், இலையும் பட்டையும் ஆண்டு முழுக்க இருக்கின்றன. பழங்குடிகளான இருளர்களின் செடியறிவு நிற்பது அங்கேதான். செங்கல்பட்டு அருகே தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் 1986 முதல் மூலிகைகளை வளர்த்து வருகிறது. இலையைக் கசக்கி முகர்ந்து செடியைச் சொல்பவர்களுக்குப் பூக்காலம் வரை காத்திருக்கும் தேவை இல்லை. இதற்கும் குறை இருக்கிறது: ஊருக்கு ஊர் பெயர் மாறும், ஒரே பெயரில் இரண்டு செடிகள் வழங்கும். அதோடு, அது அவர்களின் பிழைப்பு. நர்சரிக்காரருக்குக் காசு கொடுக்கிற நாம் இவர்களிடம் மட்டும் இலவசமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு போவது நியாயமே இல்லை.

2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் பதிவை மற்றவர்கள் பார்த்துத் திருத்த முடியும் என்பதால், செயலியின் விடையோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. ஆனால் அழகான பூப்படம் ஒன்றை மட்டும் போட்டால் தாவரவியலாளர்கூடக் கைவிரிப்பார். பூவின் பக்கவாட்டுத் தோற்றம், கணு, இலையின் அடிப்புறம், இடம், நாள் எல்லாம் வேண்டும். பாவட்டையாக இருந்தால் காய் பழுத்துக் கறுக்கும்வரை பொறுத்து அதையும் படமெடுத்துச் சேர்க்கலாம். அதுவரை தோட்டக்காரரிடம் புதரை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவைக்க வேண்டும்.