கலயத்தின் உட்புறம்: குமரி மாவட்டப் பனைத்தொழில் கலன்களும் வகைப்பாட்டின் எல்லையும்

மட்கலன்களை விளிம்பு, கழுத்து, வயிறு, அடிப்பகுதி ஆகிய புற உறுப்புகளைக் கொண்டு வகைப்படுத்துவது தொல்லியலில் நிலைபெற்ற முறையாகும். இடைக்கால இங்கிலாந்தில் பானம் எடுத்துச் செல்லப் பயன்பட்ட ‘காஸ்ட்ரல்’ என்னும் மட்குடுவை இம்முறைக்கு நன்கு பொருந்துகிறது. வார் கோப்பதற்கென அமைந்த அதன் காதுகளே அது சுமந்து செல்லும் கலன் என்பதை உணர்த்திவிடுகின்றன. குமரி மாவட்டப் பனைத்தொழிலின் கலன்களை அறிய இம்முறை மட்டும் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இத்தொழிலில் மரத்தில் தங்கும் கலனும் சுமக்கும் கலனும் வேறுவேறு. சீவிய பாளையில் கட்டிய மண்கலயம் மரத்திலேயே இருக்கும். காலையும் மாலையும் ஏறும் பனையேறி, அதில் சேர்ந்த நீரை இடுப்பில் தொங்கும் சுரைக்குடுவையில் ஊற்றிக்கொண்டு இறங்குவார். எடை குறைந்த சுரை, ஏறி இறங்குவோருக்கு ஏற்றது. ஆனால் அது மண்ணில் மக்கிவிடும், ஓடு எஞ்சும். எனவே ஓடுகளை மட்டும் கொண்டு எழுதப்படும் தொழில்வரலாற்றில் சுமக்கும் கலன் இடம்பெறாமல் போகிறது.

எஞ்சும் கலயமும் புறத்தோற்றத்தால் தன் பயனைக் காட்டுவதில்லை. உட்புறம் சுண்ணாம்பு பூசினால் நொதித்தல் தடைபட்டு, இம்மாவட்டத்தார் அக்கானி என வழங்கும் பதநீர் கிடைக்கிறது. பூசாவிடில் அந்நீர் கள்ளாகிறது. அக்கானியைக் காய்ச்சினால் கருப்பட்டி. 1956இல் தமிழகத்துடன் இணைந்த இம்மாவட்டத்தில், 1987 முதல் கள் தடைசெய்யப்பட்டுள்ளது. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இயங்குகின்றன. ஒரே வடிவக் கலயம் தரும் இருவகை நீரைச் சட்டம் இவ்வாறு பிரித்துக் காண்கிறது. வடிவ வகைப்பாட்டிலோ இவ்வேறுபாட்டிற்கு இடமில்லை.

ஓட்டின் உட்புறத்து வெண்படிவை மட்டும் கொண்டு அதனைப் பதநீர்க் கலயம் எனத் துணிதலும் தவறாகும். வெற்றிலைக்குரிய சுண்ணாம்பு வைத்த கலனிலும் அத்தகைய படிவு இருக்கலாம். மண்ணிலுள்ள சுண்ணச்சத்தும் ஓட்டில் படியலாம். ஆகவே வடிவ விவரிப்புடன் எச்சப் பகுப்பாய்வும் பனையேறிகளின் வாய்மொழிச் சான்றும் இணைய வேண்டும். இவற்றுள் பகுப்பாய்வைப் பின்னரும் செய்யலாம். சுண்ணாம்பின் அளவையும் பூசும் பக்குவத்தையும் அறிந்தோர் குறைந்துவருவதால், கள ஆய்வில் முதலில் பதிவுசெய்ய வேண்டியது அவர்தம் சான்றே.