அடித்த பின் நிற்கும் வரி

கால்சியம் குளோரைடு கரைசலில் சோடியம் கார்பனேட் கரைசலை ஊற்றினால் சோதனைக்குழாய் பாலாக வெளுக்கும். சற்று நேரத்தில் அடியில் வெள்ளைப் பொடி இறங்கும். இதை அயனிகளாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். சோடியமும் குளோரைடும் அம்புக்குறியின் இரு பக்கமும் மாறாமல் நிற்கும். வெறும் பார்வையாளர்கள். பென்சிலால் அவற்றை அடித்துவிட்டால் மிஞ்சுவது இதுதான்:

கால்சியம் அயனி + கார்பனேட் அயனி → கால்சியம் கார்பனேட்

வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இந்த அடித்தல்தான். மின்சுமையையும் சரிபார்க்க வேண்டும்: இடப்பக்கம் இரண்டு நேர், இரண்டு எதிர், கூட்டினால் சுழி. வீழ்படிவை மட்டும் அயனியாக உடைக்கக் கூடாது. கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் கார்பனேட் என்று புட்டிகளை மாற்றினாலும் அதே வரிதான் வரும்!

அரியலூர் மண்ணுக்கு அந்த வரி சொந்தம். கிரெட்டேசியக் காலத்தில் இங்கே கடல் இருந்தது. சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் கடல்நீரின் கால்சியத்தைக் கொண்டு ஓடு கட்டின. உயிருக்குள் நடக்கும் வேலை குழாயில் நடப்பதைவிடச் சிக்கலானது. ஆனாலும் முடிவில் சேர்வது அதே இரண்டு அயனிகள். அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லைத்தான் சிமென்ட் ஆலைகள் இன்று சுடுகின்றன. பெரம்பலூர் மாவட்டம் காரையில், அரித்த மண்மேடுகளில் மினுங்கும் ஜிப்சத்துக்குக் கார்பனேட்டின் இடத்தில் சல்பேட். கூடவே இரண்டு நீர் மூலக்கூறுகள்.

இவ்விரு மாவட்ட வேதியியல் ஆசிரியர்களே, இந்தப் பாடம் நடத்தும் நாளில் மேசைமேல் ஒரு சுண்ணாம்புக்கல்லை வையுங்கள்.